படலையில் ஏற்றாத மெழுகுதிரி

போன வருஷம் மாரிமழை தொடங்கிய நாட்களில், யாழ்ப்பாண நகரத்துக்குப் பக்கத்தில் கடற்கரையை ஒட்டிய எங்கள் சின்னத் தெருவில், ஒழுங்கையில், நடந்தது இது. நினைத்தால் இப்போது வருவது துக்கமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது படுக்கையில் விழுந்தால் பங்குச் சுவாமியார் கோயிலிலிருந்து அவருக்கு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொண்டுவருவார். முந்தி மணியடித்துக்கொண்டு நடந்து வருவார்களாம். இப்போது மோட்டார் சைக்கிள்தான். நன்மையோடு வருகிறபோது சுவாமியார் வழியில் யாருடனும் கதைக்கமாட்டார். அவர் கடந்து போகும்வரை ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் ஒரு மெழுகுதிரி எரியும். பக்கத்து வீட்டு அன்ரி சைவம். அவரும் தன் பங்குக்கு ஒரு அகல்விளக்கு வைப்பார்.

அன்று சுவாமியார் போனது ஒழுங்கையின் கடைசி வீட்டுக்கு. எங்கள் படலையில் மட்டும் வெளிச்சம் இல்லை. நான் படலையைச் சாத்திவிட்டுக் குசினிக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

காரணம் இருந்தது. என் மகள் உயர்தர வகுப்புப் படித்த காலத்தில், ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்தவளை ஒழுங்கை திரும்புகிற முடக்கில் மோட்டார் சைக்கிளால் அடித்து விழுத்தியவர் அந்தக் கடைசி வீட்டுக்காரர். கால் முறிந்து, உள்ளே கம்பி வைத்து, ஒரு பள்ளிக்கூடத் தவணை முழுக்கப் பிள்ளை படுக்கையில் கிடந்தாள். இன்றைக்கும் மழை நாட்களில் அவள் நடை கொஞ்சம் சாயும். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அவர் பொலிசுக்கும் ஊருக்கும் சொன்ன கதைதான் பொறுக்கவில்லை. பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டு குறுக்கே வந்ததாம். அவளுடைய போன் அன்றைக்கு வீட்டில் சார்ஜில் கிடந்தது. நாங்கள் சொன்னோம். பெற்றவர்கள் அப்படித்தானே சொல்வார்கள் என்று ஊர் தலையாட்டியது.

அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல என் மகள்தான் உதாரணம். "போனைப் பாத்துக்கொண்டு போய் உந்த அக்கா மாதிரி விழப்போறியோ?" என்று பக்கத்து வீட்டு அன்ரி பேரனை ஏசுவது மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்கும். மகள் காதில் விழாதது போல உடுப்புக் காயப்போடுவாள். படித்து முடித்து வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் வீதியில் அவள் போனைக் கையில் எடுத்து நான் கண்டதில்லை.

அந்த மனிதருக்கு ஈரல் பழுதாகி, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். திருநாளுக்குக்கூடக் கோயில் வாசலை மிதிக்காதவர், அன்று சுவாமியாரைக் கூப்பிட்டுத் தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, நோயாளிகளுக்கு எண்ணெய் பூசுகிற நோயில் பூசுதலும் பெற்றுக்கொண்டார் என்று கேள்விப்பட்டதும் எனக்குப் பொங்கியது. விடியப்புறம் எழும்பிப் பூசைக்கு ஓடுகிற எங்களுக்கும், ஆயுளெல்லாம் குடித்துவிட்டுக் கடைசியில் கொஞ்ச நேரம் அழுதவருக்கும் ஒரே மோட்சமா? கணவரிடம் கேட்டேன். "மோட்ச வாசலிலை நிண்டு ரிக்கற் கிழிக்கிறது நீரோ?" என்றுவிட்டுப் பேப்பரைத் திருப்பினார். அவர் எப்போதும் இப்படித்தான்.

அடுத்த நாள் அந்த மனிதரின் மனைவி எங்கள் படலைக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"அக்கா, அவர் பிள்ளையை ஒருக்காப் பாக்கவேணுமாம்."

"பிள்ளை வரமாட்டா," என்றேன். இப்போதுதான் பிள்ளை நிம்மதியாக இருக்கிறாள், அதை ஏன் கிளறவேண்டும் என்று பயம். அவர் கையைப் பிடித்து அழுதால் இவள் என்ன செய்வாள்? சாகப்போகிறவர் மன்னிப்புக் கேட்டால் இல்லையென்று சொல்ல வழியில்லையே, அது ஒரு விதக் கட்டாயம்தானே என்றும் யோசித்தேன்.

மகள் எனக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"மாச முதல் வெள்ளிக்கு ஃபாதர் நன்மை கொண்டு வருவார்தானே அன்ரி? ஒழுங்கைச் சனமும் செபத்துக்கு வரும். நான் அண்டைக்கு வாறன்," என்றாள்.

அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி சொன்னார், "ஓம் பிள்ளை. சொல்லுறன்."

அவர் போனபிறகு மகளைப் பிடித்துக்கொண்டேன். சாகக் கிடக்கிற மனிதரைச் சனத்துக்கு முன்னால் கேள்வி கேட்கப்போகிறாயா என்று.

"நான் மன்னிக்கப் போகேல்லை அம்மா. அவர் கடவுளுக்குச் சொன்னது கடவுளோடை. பொய் சொன்னது இந்த ஒழுங்கையிலைதானே."

அந்த வெள்ளி வரும்வரை எனக்கு நித்திரை இல்லை. அதற்குள் அவர் போய்விட்டால்? சனத்தைக் கண்டதும் பழைய பொய்யையே திருப்பிச் சொன்னால்? அதை இவள் தாங்குவாளா? அந்த மனிதர் உயிரோடு இருக்கவேண்டும் என்று நான் செபமாலை சொன்னேன். வேறு யாராவது அப்படிச் செய்ததாகச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தச் சின்ன அறை நிறையச் சனம். கட்டிலுக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசையில் சிலுவையில் தொங்குகிற பாடுபட்ட சுருபமும் மெழுகுதிரியும். எப்போதும் மோட்டார் சைக்கிளில் நெஞ்சை நிமிர்த்திப் போகிற மனிதர், தலையணைக்குள் புதைந்து மஞ்சளாகக் கிடந்தார். என் மகள் கதவுநிலையோடு சாய்ந்து நின்றாள். நான் அவள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவள் சின்னப் பிள்ளை போல.

சுவாமியார் செபம் தொடங்கப் போனார். அந்த மனிதர் கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் பொறுங்கோ ஃபாதர்." மூச்சு வாங்கியது. "எல்லாரும் கேளுங்கோ. அந்தப் பிள்ளையின்ரை கையிலை போன் இருக்கேல்லை. பிள்ளை தன்ரை பக்கத்தாலைதான் வந்தது. நான்தான் குடிவெறியிலை அடிச்சனான்."

பக்கத்து வீட்டு அன்ரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"அப்ப ஏன் அங்கிள் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டாள் மகள். கோபமாக இல்லை. உண்மையாகவே தெரியவேண்டும் என்பது போல.

"முதல் பயம் பிள்ளை. பிறகு வெட்கம்." கண்ணை மூடிக்கொண்டு, "உன்னைக் காணேக்கை எல்லாம் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு போவன்," என்றார்.

மகள் தலையை மட்டும் ஆட்டினாள். சுவாமியார் செபத்தைத் தொடங்கினார். யேசு கற்றுத்தந்த செபத்தில், நாங்களும் மற்றவர்களின் குற்றங்களைப் பொறுக்கிறோம் என்று சொல்கிற இடம் வந்ததும் என் குரல் நின்றுவிட்டது. பக்கத்தில் அவளுடையதும் நின்றது. ஆனால் அடுத்த வரியில் அவள் சேர்ந்துகொண்டாள். நான் செபம் முடியும்வரை வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன்.

"தெரியேல்லை அம்மா. ஆனா உடம்பு பாரமில்லாமல் கிடக்கு."

"இவ்வளவும் செய்துபோட்டு அவர் லேசாப் போயிடுவார். இது நியாயமோ?"

"சொல்லாமல் போயிருந்தால்தான் அநியாயம்," என்றாள். பிறகு கோப்பைக்கு மேலால் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "காலமை வந்தவனுக்கும் பின்னேரம் வந்தவனுக்கும் ஒரே கூலி எண்டு யேசு சொன்ன அந்தத் திராட்சைத் தோட்டக் கதையிலை நீங்கள் காலமையே வேலைக்குப் போன ஆள் எண்ட நினைப்போ? ஞாயிறுப் பூசைக்கே பிரசங்கம் முடியத்தான் போறனீங்கள்."

கணவர் பேப்பருக்குப் பின்னால் இருமினார்.

அடுத்த கிழமையே அந்த மனிதர் போய்விட்டார். துக்கமணி அடித்தபோது மகள் வேலைக்குப் போயிருந்தாள், பின்னேரம் வந்து அடக்கத்துக்குப் போனாள். மழை விட்ட நேரம் பிரேதம் எங்கள் ஒழுங்கையால் வந்தது. அதற்கு முன்பே நான் படலையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டேன். காற்றுக்கு இரண்டு தரம் அணைந்தது. மூன்றாம் தரம் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்து வீட்டு அன்ரிக்குப் பழக்கம் இன்னும் விடவில்லை. போன மாதம்கூட, "போனைப் பாத்துக்கொண்டு போய் உந்த அக்கா..." என்று பேரனிடம் தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, மதிலுக்கு மேலால் ஒரு தட்டு முறுக்கை நீட்டினார்.

முடக்கில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இப்போதும் கை வேலையைப் போட்டுவிட்டுப் படலைக்கு ஓடுகிறேன். ஆனால் கடைசி நேரத்தில் வந்தவருக்கும் முழுக்கூலி என்று கோயிலில் வாசிக்கிறபோது இப்போது எனக்குக் கோபம் வருவதில்லை. அவர் அவ்வளவு பிந்தியாவது வந்தபடியால்தான் என் பிள்ளையின் நல்ல பெயரும் வீடு வந்து சேர்ந்தது.