ப்ரைமஸ் ஆன்சலின் மனைவி

அமெரிக்காவில் அடிமைகளுக்கு விடுதலை வந்ததும் பிளெட்சோ தோட்டத்து ஆட்கள் ஆளுக்கொரு குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பலருக்குப் பழைய எஜமானின் பெயரே போதுமானதாக இருந்தது. டெம்பியின் கணவன் ப்ரைமஸ் மட்டும், சிறுவயதில் தன் கண்ணெதிரே விற்கப்பட்ட அப்பாவின் பெயரை எடுத்துக்கொண்டான். ப்ரைமஸ் ஆன்சல்.

"உன் புருஷனுக்குச் சோளக்களியே வேண்டாம்டி. அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லியே வயிறு நெறஞ்சிரும்" என்பாள் பக்கத்துக் குடிசை ஹேகர்.

"நெறையட்டுமே, உனக்கு ஏன் எரியுது?" என்பாள் டெம்பி. அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

ஜார்ஜியாவில் அந்தப் பெருமைக்கு ஆயுள் குறைவு. ஒரு சனிக்கிழமை, பருத்தி ஆலை வாசலில், எஜமானின் மகன் வேட் பிளெட்சோ குதிரை மேலிருந்து கூப்பிட்டான்.

"டேய், பிளெட்சோ ப்ரைமஸ்!"

ப்ரைமஸ் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டதும் தொப்பியைக் கழற்றி, "என் பேரு ப்ரைமஸ் ஆன்சலுங்க ஐயா" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். வேட் சுட்டான். மூட்டையைப் போட்டுவிட்டு டெம்பி ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஹேகர் வேண்டாம் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். டெம்பி கேட்கவில்லை. கோர்ட்டுக்குப் போய், செத்தவன் பெயர் ப்ரைமஸ் ஆன்சல் என்று நிமிர்ந்து சொல்லி வழக்குப் பதிந்தாள்.

விசாரணை நாளன்று வேட்டின் வக்கீல் ஊர்ப் பெரியவர்களை வரிசையாகச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். ஆன்சல் என்று ஒருத்தனை இந்த ஊரில் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை என்று பைபிளைத் தொட்டுச் சொன்னார்கள். இல்லாத ஒருவனை எப்படிக் கொல்ல முடியும் என்று கேட்டார் வக்கீல். கோர்ட்டே சிரித்தது.

நீதிபதி டெம்பியைப் பார்த்தார். "இந்தா பொம்பளே, ஊர் அவனை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சு? அதைச் சொல்லு. இல்லேன்னா வழக்கு இப்பவே தள்ளுபடி."

எந்தப் பெயருக்குத் திரும்பாமல் அவன் செத்தானோ, அதைச் சொன்னால்தான் அவன் செத்ததையே ஒத்துக்கொள்வார்களாம். சொல்லாமல் விட்டுவிட்டால் கொன்றவன் இப்போதே வீட்டுக்குப் போய்விடுவான். டெம்பி தலை குனிந்துகொண்டாள்.

"பிளெட்சோ ப்ரைமஸுங்க."

ஜூரிகள் உள்ளே போனார்கள். போன சூடு ஆறுவதற்குள் திரும்பி வந்து, வேட் குற்றவாளி இல்லை என்றார்கள்.

படியிறங்கும்போது வேட் அவள் அருகே நின்றான். "எவ்வளவு லேசா வருது பாரு உன் வாயில. அவனும் அன்னிக்கு இப்படிச் சொல்லியிருந்தா, இந்நேரம் உன்கூட இருந்திருப்பான்."

டெம்பி அதற்கப்புறமும் நெடுநாள் உயிரோடு இருந்தாள், ஊர்த் துணி துவைத்துக்கொண்டு. யார் பெயர் கேட்டாலும் டெம்பி என்பாள். டெம்பி என்ன, குடும்பப் பெயர் என்ன என்று கேட்டால், தொட்டிப் பக்கம் திரும்பித் துணியைக் கசக்க ஆரம்பித்துவிடுவாள்.