தங்கைக்குத் தனிச் சட்டி

என் தங்கைக்குப் பத்தொன்பது வயதானபோது காலையில் எழுந்தால் கண் திறக்க முடியாமல் முகம் வீங்கியிருக்கும். மத்தியானம் வடிந்து, சாயங்காலம் காலுக்கு இறங்கிவிடும். சாத்தூர் பக்கம் ஒரு தீப்பெட்டி கம்பெனியில் அவள் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் சிவகாசியில் லேபிள் அடிக்கும் அச்சகம் ஒன்றில் வேலை பார்த்தேன். அப்பா இல்லை. அம்மா இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு மூன்று வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அழைத்துப் போய் வந்தாள். வீக்கம் வயிற்றுக்கு ஏறியதும் நான் மதுரைக்குக் கூட்டிப் போனேன்.

சிறுநீரகக் கோளாறு என்றார் டாக்டர். மாத்திரை கொஞ்சம்தான் கொடுத்தார். "இவளுக்குச் சாப்பாடுதான் வைத்தியம். உப்பு மருந்துக்குக்கூடச் சேரக்கூடாது" என்றார். நோயாளிகளுக்கு என்ன சமைப்பது என்று பார்க்க அங்கே ஒரு அம்மா இருந்தார். அவர் எங்களை உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். கருவாடு, ஊறுகாய், அப்பளம் தொடவே கூடாது. கடைப் பலகாரத்தில் உப்பும் சோடாவும் இருக்கும், அதுவும் ஆகாது. எலுமிச்சை, மிளகு, பூண்டு, சுட்ட வெங்காயம் இவற்றைக் கொண்டு ருசி தேடிக்கொள்ள வேண்டும். வாரம் ஒரு தடவை எடை பார்க்க வேண்டும். எடை திடீரென்று கூடினால் உடம்பில் நீர் கோக்கிறது என்று அர்த்தம்.

வீட்டில் அவளுக்குத் தனிச் சட்டி வைத்தோம். முதல் பத்து நாள் சோற்றைக் கண்டாலே அழுதாள். அம்மாவுக்கு இதில் நம்பிக்கையே இல்லை. "ரெண்டு கல்லு உப்புப் போட்டா செத்தா போவா? பிள்ளையப் பட்டினி போட்டுக் கொல்லுதியேடா" என்று என்னை ஏசினாள். ஆனால் தங்கை பத்தியத்தைப் பிடித்துக்கொண்டாள். மிளகையும் மல்லியையும் வறுத்து அவளே ஒரு பொடி செய்தாள். சனிக்கிழமைதோறும் கம்பெனியில் லோடு நிறுக்கும் தராசில் ஏறி நின்று எடை பார்த்தாள். கூட வேலை பார்த்த பெண்கள், "எந்த ஊருக்குடி லோடு?" என்று சிரிப்பார்களாம். இரண்டு மாதத்தில் கணுக்கால் எலும்பு தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் விருதுநகரிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை எண்ணெய் மில்லில் வேலை பார்த்தார். அமைதியான ஆள். வீட்டில் தாயும் இரண்டு தம்பிகளும். பேச்சு முடிவாகிற அன்று தங்கை என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அவுககிட்டச் சொல்லிருவோம்ணே."

"வீக்கந்தான் வத்திப் போச்சுல்ல. இப்பச் சொன்னா எவன் கட்டுவான்? கல்யாணம் முடியட்டும், நானே மெதுவாச் சொல்லுதேன். நீ வாயத் தெறக்கக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணு."

அவள் என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

கல்யாணம் முடிந்தது. நான் சொல்லவில்லை. மறுவீட்டுக்குப் போனபோது சொல்லலாம் என்று நினைத்தேன். அன்று எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், சொல்ல வாய் வரவில்லை. பிறகு தீபாவளி சீசன் வந்துவிட்டது. வெடிப் பெட்டி லேபிளுக்கு ஆர்டர் மேல் ஆர்டர். நாலு மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. அவளிடமிருந்து இரண்டு கார்டு வந்தது. இரண்டிலும் நலம் என்றுதான் எழுதியிருந்தாள்.

தீபாவளி கழித்துப் போனேன். கதவைத் திறந்தது யாரென்று ஒரு நொடி தெரியவில்லை. முகம் அவ்வளவு உப்பியிருந்தது. கால் விரலில் மெட்டி சதைக்குள் புதைந்து கிடந்தது. ஆசாரியை வரவழைத்து அறுத்தெடுக்க வேண்டும் என்று அவள் மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாப்பிள்ளையை வெளியே கூப்பிட்டு, வேப்பமரத்தடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் சொன்னார்.

"சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே உக்காந்திருப்பா, மச்சான். குழம்ப ஓரமா ஒதுக்கிருவா. எங்க வீட்டுச் சோறு அவளுக்கு எறங்கலன்னு நெனச்சேன். ஒரு நாளு கை நீட்டிட்டேன். அன்னையிலேருந்து வச்சதெல்லாம் தின்னா."

மாமியாரும் அங்கே வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நாங்க என்ன அரக்கரா? ஒரு சட்டி தனியா வைக்க மாட்டமா? இம்புட்டு நாளா என் கையால வெசத்தயில்ல போட்டிருக்கேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாளே மதுரைக்குக் கொண்டுபோனோம். ஒரு மாதத்துக்கு மேல் படுக்கையில் கிடந்தாள். சிறுநீரகம் முன்னைவிடக் கெட்டுவிட்டது என்றார்கள். இனி உப்பை நிறுத்தினால் மட்டும் போதாது. பருப்பு, முட்டை, கறி எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. பிள்ளை பெறுவதும் ஆபத்து. அந்தச் சாப்பாட்டு அம்மா சொல்லச் சொல்ல மாப்பிள்ளை பென்சிலால் எழுதிக்கொண்டார். எந்தக் கரண்டியில் எத்தனை என்றுகூடக் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு தடவைகூட அவர் என் பக்கம் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் தங்கையிடம் தனியாகப் பேசினேன். "ஏம்மா நீயாவது சொல்லியிருக்கலாமே" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"உன் தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணிருக்கேனேண்ணே. நான் வாயத் தெறந்து உனக்கு ஒண்ணு ஆயிட்டா?" என்றாள்.

அதன்பின் நாலு வருஷம் அவள் அந்த வீட்டில் இருந்தாள். மாமியார் அவளுக்குத் தனியாக உலை வைத்தார். மாப்பிள்ளை வாரம் தவறாமல் மில் தராசில் எடை பார்க்கக் கூட்டிப் போனார். நன்றாக இருந்த மாதங்களும் உண்டு. நான் போனால் மாப்பிள்ளை "வாங்க" என்பார், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். கடைசி வருஷம் அவளுக்கு எதைச் சாப்பிட்டாலும் தங்கவில்லை. ஒரு மாசி மாதக் காலையில் போய்விட்டாள்.

பல மாதம் கழித்துச் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளையைப் பார்த்தேன். ரொம்ப மெலிந்திருந்தார். நானே போய்ப் பேசினேன். அம்மாவைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வந்து, உங்க பக்கம் மழை உண்டா என்று கேட்டேன். "அங்கன ஒரு தூத்தல்கூட இல்ல, மச்சான்" என்றார். பஸ் வந்தது. கூட்டத்தோடு ஏறி, நான் நின்ற பக்கத்தை விட்டு அந்தப் பக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.