எடை 250

அம்மா இறந்து ஏழு வாரம் ஆகிறது. அவருடைய மடிக்கணினியை அலுவலகம் திருப்பிக் கேட்டது. கொடுப்பதற்கு முன் வேலைப் பதிவுகளைத் திறந்தேன். ஒரு நாளில் மட்டும் ஒரே வரி: "எடையை 250 ஆக்கியது நான். வேறு யாரும் இல்லை."

அந்த நாளைப் பற்றி வீட்டில் அவர் அதிகம் பேசியதில்லை. துக்கம் கேட்க வந்த ஒரு நர்ஸ்தான் மீதியைச் சொன்னார்.

அம்மா இருபத்திரண்டு வருடம் இணையப் பக்கங்கள் எழுதினார். எந்தப் பக்கத்தையும் வெளியிடும் முன், அது ஓடப்போகும் இடத்தில் இருப்பதிலேயே மட்டமான திரை எதுவோ அதில் போய்ப் பார்ப்பார். அலுவலகத்தில் அவருக்கு 'மட்டத்திரை அக்கா' என்று பெயர். நேரில் யாரும் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாமலும் இல்லை.

ஒரு மருத்துவமனை தன் மருந்து அட்டவணைப் பக்கத்தைப் புதுப்பிக்கக் கேட்டது. அதைப் பார்த்துத்தான் நர்சுகள் மருந்து அளப்பார்கள். இன்றைய பாணி தெரிந்ததே: மெல்லிய எழுத்து, வெளிர் சாம்பல், சுற்றிலும் தாராளமாக வெள்ளை. புதுவகை எழுத்துருவில் எழுத்தின் தடிமனை, அதாவது எடையை, நூறிலிருந்து தொள்ளாயிரம் வரை எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம். வடிவமைப்பாளர் 400 கேட்டார். அம்மா அதைவிட மெல்லியதாக 250இல் நிறுத்தினார். அலுவலகத்தின் பெரிய திரையில் அழகாக இருந்தது. கைதட்டினார்கள். மட்டத்திரையில் பார்க்க நேரமில்லை. அந்த வாரம் என் வீடு மாற்றத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

பகல் பன்னிரண்டுக்குப் பக்கம் வெளியானது. மனசு கேட்காமல் ஒரு மணிக்குக் குழந்தைகள் வார்டுக்குப் போனார். மேசையில் பழைய மானிட்டர். இதைச் சொன்ன நர்ஸ்தான் அப்போது இரண்டாவது மருந்துக் குப்பியைத் திறந்துகொண்டிருந்தார்.

"எவ்வளவும்மா போடணும்?"

"இருபத்தஞ்சு மில்லி. ஒரு குப்பி பத்தல பாருங்க."

அம்மா மூக்கு இடிக்கும் அளவுக்குத் திரையை நோக்கிக் குனிந்தார். 2க்கும் 5க்கும் நடுவில் தூசி மாதிரி ஒரு மங்கல்.

"கைய எடும்மா. கீழ வை. அது ரெண்டரை."

நர்ஸ் வைத்தார். முதல் குப்பியிலிருந்து சிரிஞ்சில் எடுத்திருந்ததையும் கொட்டினார்.

அம்மா அலுவலகக் குழுத் தலைவருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"புள்ளி தெரியல. பழைய பக்கத்தைப் போடு."

"இங்க நல்லாத்தான் தெரியுதுக்கா. மொதல்ல உங்க கண்ணாடிய மாத்துங்க."

"என் கண்ணாடிய மாத்திடலாம்டா. இங்க இருக்கிற திரைய எல்லாம் யார் மாத்துறது?"

"நம்ம டைரக்டர் ஒரு கூட்டத்துல மேடையில பேசிட்டிருக்கார். அவர் சொல்லாம தொட்டா வேலை போயிடும்."

"யாரோட வேலை?"

"உங்களோடதுதான்."

"அப்ப சரி."

நர்சின் மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்தார். எடை 600, நிறம் கறுப்பு. வெளியிட்டார். மானிட்டரில் அதே மங்கல். இணையம் அறுந்தாலும் அட்டவணை திறக்க வேண்டும் என்று, பக்கத்தின் ஒரு நகலை ஒவ்வொரு கணினியும் தனக்குள் சேமிக்கும்படி அமைத்திருந்தார்கள். அந்தப் பழைய நகலைக் கையால் அழித்தால்தான் புதியது வரும்.

"மொத்தம் எத்தனை கணினி?" என்று நர்சிடம் கேட்டார்.

"பதினொண்ணுக்கா. நாலு மாடியிலயும் இருக்கு."

நர்ஸ் ஒவ்வொரு வார்டையும் போனில் பிடித்து, "திரைய நம்பாதீங்க, டாக்டர் எழுதின சீட்டைப் பாருங்க" என்று கத்தினார். இரண்டு வார்டில் யாரும் எடுக்கவில்லை. அம்மா லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினார்.

"யார் நீங்க?" என்று ஒரு டாக்டர் மறித்தார்.

"இந்தப் பக்கத்தை எழுதினவ. தப்பு என்னோடது. நகருங்க."

பதினோராவது, தீவிர சிகிச்சைப் பிரிவில். உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, எந்தெந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சைகையில் காட்டினார். உள்ளே இருந்தவர் தப்பாக அழுத்தினார். மறுபடியும் தப்பு. மூன்றாவது தடவை எழுத்துகள் கறுத்தன. அம்மா கதவிலேயே நெற்றியைச் சாய்த்துக்கொண்டாராம்.

எந்த வார்டிலும் தப்பான அளவு போயிருக்கவில்லை. அம்மாவின் வேலையும் போகவில்லை. வெளியிடும் உரிமையைப் பறித்தார்கள். கடைசி நான்கு வருடமும், ஒரு நிறத்தை மாற்றக்கூடத் தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவனிடம் அனுமதி கேட்டார்.

"இது அவமானமா இல்லையாம்மா உனக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"பதினொண்ணும் கறுத்துச்சா இல்லையா?" என்றார்.