பப்பாசி விதையும் பதினொரு செம்மறியும்

மாமா எங்கள் ஆடுகளுக்கு மருந்து செய்ய வந்திருக்கிறார் என்று அம்மா சொன்னபோது நான் அதை அப்படியே நம்பினேன். எனக்கு எட்டு வயது. அம்மாவின் கடைசித் தம்பியான அவருக்குப் பத்தொன்பது. பெரியகல்லாற்றில் வலை வீசிக்கொண்டிருந்தவர், ஒரு காலையில் உடுத்த சாரத்தோடு தோணியில் வாவியைக் கடந்து மண்டூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். யார் கேட்டாலும் மருந்து செய்ய வந்தவர் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அம்மா எனக்கு இரண்டு தரம் சொல்லித் தந்தார். உண்மையை எதற்காக இரண்டு தரம் சொல்லித் தர வேண்டும் என்றுதான் விளங்கவில்லை.

ஆடுகளுக்கு நோய் இருந்தது மெய்தான். பதினொரு செம்மறியும் கழிந்துகொண்டு நின்றன. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது. குடலில் பூச்சி என்றார் அப்பா. பூச்சி மருந்துக் குளிசை வாங்க நகரத்துக்குப் போகும் பாதை சண்டையால் பூட்டியிருந்தது.

மாமாவுக்கோ மீனைத் தவிர வேறொன்றும் தெரியாது. முதலில் பாக்கை இடித்துக் கரைத்துப் பருக்கினார். கிடா கள்ளுக் குடித்ததுபோலத் தள்ளாடி விழுந்தது. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்னேரம் வரை இருந்தார். அது எழும்பி நின்ற பிறகுதான், "அக்கா, சின்னனில நமக்குப் பூச்சிக்கு அம்மா பப்பாசி விதையெல்லோ தந்தவ?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து பப்பாசி விதையும் வேப்பங்கொழுந்தும் அம்மியில் அரைபட்டன. சாற்றைத் துணியில் பிழிந்து, போத்தலில் நிரப்பி மாமா ஊற்றுவார். ஆட்டின் வாயை நான் பிடிப்பேன். மூன்றாம் நாள் புழுக்கையில் வெள்ளை நூல்போலப் புழுக்கள் கிடந்தன. சில கிழமைகளில் தாடை வீக்கமும் வற்றியது.

நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஊரார் தங்கள் ஆடுகளைப் பிடித்துக்கொண்டு எங்கள் படலைக்கு வந்தார்கள். "இஞ்ச மருந்து ஒண்டும் இல்ல, போங்க" என்று அம்மா விரட்டினார். போத்தல் அவர் கையிலேயே இருந்தது.

பிறகு சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். தோளில் துவக்கு, இடுப்பில் தோட்டா வார். ஆமிக்காரர் இல்லை, எங்கள் பேச்சுத்தான் பேசினார்கள்.

"ஆட்டுக்கு மருந்து செய்யிறவர் ஆர்?"

"நான்தான்" என்றார் அம்மா.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இல்ல, மாமாதான்! பட்டிக்குள்ள நிக்கிறார்!"

அம்மா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். மாமா சாறு பட்டுப் பச்சையான கைகளோடு வெளியே வந்தார்.

"எங்கட பக்கமும் ஆடு மாடு நிக்குது தம்பி. ஏறுங்க" என்றான் ஒருவன்.

மாமா கையைக் கழுவிவிட்டு என்னிடம் வந்தார். "ஒரு ஆட்டுக்குக் கால் போத்தல். கூடக் குடுத்திராத, புள்ள." சைக்கிளின் பின்னால் ஏறிப் போனார்.

என்னை யாரும் ஏசவில்லை. இவ்வளவு பெரிய மரியாதை கிடைத்தும் வீட்டில் ஏன் உலை வைக்கவில்லை என்று யோசித்துக்கொண்டு பசியோடு படுத்தேன். அவருடைய ஊரில் இயக்கத்துக்காரர் சண்டைக்கு வீட்டுக்கு ஓர் ஆளைக் கேட்டுத் திரிந்தார்கள் என்பதும், அதற்கு ஒளித்துத்தான் எங்களிடம் வந்தார் என்பதும் நான் வளர்ந்த பிறகு தெரிந்தவை.

அடுத்த வெள்ளாமை வெட்டி முடிந்த பிறகு மாமா திரும்பி வந்தார். ஒரு காது கேட்காது. முழங்காலில் இருந்து கீழே ஒரு கால் இல்லை. நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"அங்க எத்தின ஆட்டுக்கு மருந்து குடுத்தீங்க, மாமா?"

அவர் என்னைப் பார்த்தார். கேட்கவில்லையாக்கும் என்று மற்றக் காதுப் பக்கம் போய் உரத்துக் கேட்டேன். அம்மா குசினி அடுப்படியிலிருந்து வந்து என் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு ஆடுகளாக இருந்திருக்கும், மாமா எண்ணிக்கையை மறந்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.