மேல் வரிக்கு மட்டும் பொட்டு

ஊத்துக்குளி போகும் சாலையில், ஒரு மிராசுதாரர் குடும்பத்தின் பழைய பங்களாவில் சில வருடங்கள் என் தையல் யூனிட் ஓடியது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். சந்துக்குச் சந்து ஓவர்லாக் தையல் மெஷின் சத்தம். எந்தக் கட்டடத்திலும் ஒரு வருடத்துக்கு மேல் ஒட்டாதவன் நான், அங்கே ஒட்டிக்கொண்டேன். வாசல் சுவரில் பதித்திருந்த சலவைக்கல்தான் காரணமாக இருக்க வேண்டும். இங்கிலீஷில் இரண்டே வரி. இந்த ஊரிலிருந்து முதல் உலகப் போருக்கு இத்தனை பேர் போனார்கள். அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். பெயர் ஒன்றுகூட இல்லை. பெயர் இருந்திருந்தால் படித்துவிட்டு நகர்ந்திருப்பேன். வெறும் எண்ணாக இருந்ததால் தினமும் நின்றேன்.

ஓர் ஆயுத பூஜை. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. மதுரைப் பக்கத்துக்காரரான கட்டிங் மாஸ்டர், மிஞ்சிய செவ்வந்தி மாலையை அந்தக் கல்லுக்குப் போட்டார். தைத்த துணியில் குறை தேடும் செக்கிங் அக்கா விறுவிறுவென்று வந்து அதைக் கழற்றினார். நல்ல நாளில் போட்ட மாலையைக் கழற்றுவதா?

"என்னக்கா இது?" என்று கேட்டார் மாஸ்டர்.

"எங்க பூட்டனும் அந்தச் சண்டைக்குப் போனவருங்க, இதுல இருக்காருங்க. செத்தவங்களுக்குத்தானுங்க இப்பிடி மாலை போடுவாங்க? அவரு செத்தாருன்னு யாருங்க வந்து சொன்னா?"

தந்தி வரவில்லை, ஆளும் வரவில்லை. பூட்டி தாலியோடுதான் கண்ணை மூடினாராம். அந்த வீட்டில் இன்றுவரை அவருக்குத் திதி கிடையாது, படையல் கிடையாது.

"அப்ப இன்னும் ரயில்ல வந்துக்கிட்டுதான் இருக்காருன்னு சொல்லுங்க!" என்றார் மாஸ்டர். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"வயசுக் கணக்கு எனக்குத் தெரியாதுங்களா மாஸ்டரு? எப்பவோ போயிருப்பாருங்க. ஆனா கெழவனாகி, பல்லெல்லாம் கொட்டி, கட்டில்ல படுத்துப் போயிருப்பாருங்க. குண்டு பட்டுப் போவுலீங்க."

"அங்கயே ஒரு வெள்ளக்காரியக் கட்டியிருந்தா?"

"கட்டட்டுமேங்க. சோறாக்கிப் போட ஆளிருந்தாச் சரி." என் பக்கம் திரும்பினார். சிரிப்பு போயிருந்தது. "இதுல போனவங்க வரி எதுங்க? செத்தவங்க வரி எதுங்க?"

அதுவரை நான் செத்தவர்களைச் சொல்லும் கீழ் எண்ணின் முன் மட்டுமே நின்றிருக்கிறேன். மேல் எண்ணிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுகிறவர்கள், கப்பல் இறங்கி வீடு வந்தவர்கள், ஏதோ ஒரு துறைமுகத்தில் தங்கிவிட்டவர்கள், என் நினைப்பில் ஒரு நாளும் நடந்ததில்லை.

மேல் வரியைத் தொட்டுக் காட்டினேன். அக்கா அந்த வரிக்கு மட்டும் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தார்.

"கீழ இருக்கவுங்க பாவமில்லயாக்கா?" மாஸ்டர் இப்போது கேலி செய்யவில்லை.

"அவங்களும் நம்மூரு ஆளுங்கதானுங்களே." கழற்றிய மாலையை அவரிடம் நீட்டினார். "மேல படாமப் போடுங்க."

மாஸ்டர் ஆணி தேடி எடுத்து வந்து, கல்லின் இரு பக்கமும் கீழ் வரிக்கு நேராக அடித்து மாலையைக் கட்டினார். அக்கா எட்ட நின்று, துணியில் ஓட்டை தேடுவதுபோல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"எடது பக்கம் பூவு மேல முட்டுதுங்க. இன்னுங் கொஞ்சம் எறக்குங்க."