சிவப்பு விளக்கும் ஓடிப்போன தேனீக்களும்

பெர்லினில் முப்பது ஆண்டு டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற ரோஸ்வித்தா, சிவப்பு விளக்கில் சாலையைக் கடந்ததே இல்லை. கடந்தவர்களைத் திட்டாமல் விட்டதும் இல்லை. வாடகை வீட்டின் மொட்டைமாடியில் தேனீ வளர்த்தார். காய்ச்சாத அந்தத் தேனை ரொட்டியில் தடவித் தின்றால் தெருவிலுள்ள லிண்டன் மரமெல்லாம் வாய்க்குள் பூக்கும்.

எதிர்ச்சாரியில் வீட்டுக்காரர் ஃபோல்ராத்தின் தோட்டம். வாடகைக்காரர்களின் பிள்ளைகள் குப்பைத்தொட்டிகளுக்கு நடுவே பந்தடிக்க, அவர் புல்வெளிக்குப் பூட்டுப் போட்டிருந்தார். புல்லுக்குக் கிடைத்த வெயில்கூடப் பிள்ளைகளுக்கு இல்லை. ஆசைப்பட்டு அவர் வாங்கி வைத்த புதுத் தேன்பெட்டியை ஒரு தேனீயும் எட்டிப் பார்க்கவில்லை.

மே மாத நண்பகல் ஒன்றில் ரோஸ்வித்தாவின் தேனீக்களில் பாதி, பழைய ராணியோடு புதுக்கூடு தேடிக் கிளம்பிவிட்டன. அந்நாட்டுச் சட்டப்படி, வளர்த்தவர் விடாமல் துரத்தினால் அவை அவருடையவை. எவர் தோட்டத்துக்குள்ளும் நுழையலாம். துரத்துவதைக் கைவிட்டால் பிடித்தவருக்குச் சொந்தம். ரோஸ்வித்தா கூடையோடு ஓடினார். மாடிவீட்டு அய்லின் ஏணியோடு பின்னால் ஓடினாள்.

சாலையில் சிவப்பு விளக்கு. ரோஸ்வித்தா நின்றுவிட்டார்.

"போங்கம்மா, வண்டியே வரல."

"பக்கத்துல குழந்தை நின்னு பாக்குது."

"உங்க தேனீ விளக்கைப் பாத்துச்சா? அதுபாட்டுக்குப் போயிடுச்சு."

பச்சை விழுந்து இருவரும் கடந்தபோது, தேனீக்கள் ஃபோல்ராத்தின் பேரிக்காய் மரத்தில் கொத்தாகத் தொங்கின. அவர் வாசலை மறித்தார்.

"நீங்க நின்னதை நான் பாத்தேன். துரத்துறதை விட்டாச்சு. இனி இது என்னோடது."

"வீட்டுக்காரரே, சிவப்புல நான் டிராமை நிறுத்தினப்ப, பயணம் முடிஞ்சிடுச்சுன்னு ஒருத்தரும் இறங்கிப் போனதில்ல."

"அதெல்லாம் பேசாதீங்க. நானே பிடிச்சுக்குறேன்."

"பிடிங்களேன்," என்று கூடையை நீட்டினார் ரோஸ்வித்தா.

ஃபோல்ராத் மரத்தை நெருங்கினார். ஒரே ஒரு தேனீ வந்து அவர் மூக்கில் அமர்ந்தது, கொட்டக்கூட இல்லை. அவர் வீட்டுக்குள் ஓடித் தாழிட்டுக்கொண்டார். தோட்டத்துக் கதவு திறந்தே கிடந்தது.

கிளையை உலுக்கியதும் கொத்து கூடைக்குள் விழுந்தது. ஆனால் வெளியே பறப்பவை ராணியிடம் வந்து சேர இருட்ட வேண்டும். அதுவரை கூடையை நகர்த்தக் கூடாது. அய்லின் ரொட்டியும் தேனும் கொண்டுவந்தாள். குப்பைத்தொட்டிப் பக்கமிருந்த பிள்ளைகள் பந்தோடு புல்வெளிக்கு வந்தார்கள்.

ஃபோல்ராத் ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்தார். "இன்னும் எவ்வளவு நேரம்?"

ரோஸ்வித்தா விரலிலிருந்த தேனை நக்கினார். "சட்டப்படி துரத்திக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னும் ஒண்ணு வெளிய சுத்துது."