நுழைவாயிலில் ஓர் ஈரத்துண்டு

ஓடி வந்தால் உடம்பு சூடாகும். 2021 பிப்ரவரியில் அதுவே முத்துப்பேச்சிக்குப் பெரிய தொல்லையாகிவிட்டது.

கொரோனா ஊரடங்கு முடிந்து கல்லூரியை அப்போதுதான் எல்லா ஆண்டு மாணவிகளுக்கும் திறந்திருந்தார்கள். அவளுக்கு அது இறுதியாண்டு. குஜிலியம்பாறைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, திண்டுக்கல் பஸ் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து கல்லூரி வரைக்கும் அவள் ஓடியே வருவாள். பயிற்சிக்கு முன் உடம்பைச் சூடேற்றும் வேலை அதிலேயே முடிந்துவிடும். வாசலில் வாட்ச்மேன் சோலைமலை வெப்பமானியைத் துப்பாக்கி மாதிரி நெற்றிக்கு நேராக நீட்டுவார். அது கத்தும். சிவப்பு விளக்கு எரியும்.

"காய்ச்ச இருக்கு. வீட்டுக்குப் போத்தா."

"காய்ச்சலெல்லாம் இல்லண்ணே. ஓடியாந்தேன்."

"காய்ச்சக்காரி எல்லாரும் இதத்தான் சொல்லுவா. மிசினு பொய் சொல்லுமா?"

இரண்டு முறை அப்படியே திரும்பிப் போனாள். அடுத்த முறை வழி கண்டுபிடித்துவிட்டாள். வாசலுக்கு எதிரே ஒரு சர்பத் வண்டி நிற்கும். சாக்குக்கு அடியில் ஐஸ் கட்டி உருகி, பாத்திரத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும். தோளில் கிடந்த துண்டை அதில் முக்கிப் பிழிந்து நெற்றியில் செத்த நேரம் வைத்திருந்தாள். பிறகு நடந்து போய் நின்றாள். வெப்பமானி பச்சை காட்டியது.

சோலைமலை அவள் நெற்றியில் இருந்த ஈரத்தைப் பார்த்தார். எதிரே இருந்த வண்டியைப் பார்த்தார்.

"மிசினையே ஏமாத்திப்புட்டியே. நீ போலீசுக்குத்தான் லாயக்கு."

அவர் விளையாட்டாகச் சொன்னார். அவளோ அந்த வேலையைத்தான் குறிவைத்திருந்தாள்.

ஒரு வாரத்துக்குள் தடகள அணி முழுவதற்கும் அது பழக்கமாகிவிட்டது. வாசலோர வேப்பமரக் கிளையில் துண்டு தொங்கும். முதலில் வருகிறவள் நனைத்துப் போட வேண்டும், பின்னால் வருகிறவர்கள் ஒற்றிக்கொண்டு உள்ளே போவார்கள். உடற்கல்வி இயக்குநர் மாலதி இதைப் பார்த்துவிட்டு முகக்கவசத்துக்குள்ளேயே சிரித்தார். "எவளாவது இத போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சீங்க, தொலைச்சுப்புடுவேன்" என்றார். அவ்வளவுதான் கண்டிப்பு. ஓடி வந்த பிள்ளைகளைக் காய்ச்சல்காரிகள் என்று திருப்பி அனுப்புவது அவருக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது.

முத்துப்பேச்சியின் அப்பாவுக்கும் அம்மா ராக்கம்மாளுக்கும் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. மழை பெய்தால் நிலக்கடலை. பெய்யாவிட்டால் ஆடுகள்தான். பள்ளியில் கபடி அணிக்கு ஆள் குறைந்தபோது அவளைச் சேர்த்தார்கள். யாரையும் பிடிக்கத் தெரியவில்லை. பிடிபடாமல் ஓட மட்டும் தெரிந்தது. அப்படியே நானூறு மீட்டருக்கு மாறினாள். கல்லூரிக்கு வந்த முதல் வருடம் பல்கலைக்கழகப் போட்டியில் நான்காவது இடம். அதற்குச் சான்றிதழ் கிடையாது. இரண்டாம் வருடப் போட்டியில் தசை பிடித்துக்கொண்டு பாதியில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தபோது ஊரடங்கு வந்தது.

ஊரடங்கில் வறண்ட கண்மாய்க்குள் ஓடினாள். கரையில் மாடு மேய்ப்பவர்களைத் தவிர அவளைப் பார்க்க யாரும் இல்லை. ராக்கம்மாளுக்கு அதுகூடப் பிடிக்கவில்லை. அவள் தம்பி மகன் மதன்குமாருக்குப் போர்வெல் லாரியில் வேலை. முத்துப்பேச்சியின் படிப்பு முடிந்ததும் அவனோடு கல்யாணம் என்று பேசிவைத்திருந்தார்கள்.

"வேல கெடச்சா கல்யாணத்த நிறுத்திக்கலாம்னு சொன்னீல்ல?" என்று மகள் கேட்பாள்.

"கெடச்சாத்தான? கண்மாய்க்குள்ள ஓடுனா எந்தக் கலெக்டரு வந்து பாக்கப் போறாரு?"

பேச்சு அதோடு முடிந்துவிடும். முத்துப்பேச்சி போட்ட கணக்கு எளிமையானது. பல்கலைக்கழக அளவில் ஒரு பதக்கமும் சான்றிதழும் கையில் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் காவலர் வேலைக்கு முயன்று பார்க்கலாம். இல்லையென்றால் போர்வெல் லாரிக்காரன் வீட்டில் சமையல்.

மார்ச்சில் அறிவிப்பு வந்தது. போட்டி உண்டு. ஒரே நாளில் முடிந்துவிடும், பார்வையாளர்கள் கிடையாது. போட்டிக்கு முன்னால் எல்லோரும் பரிசோதனை செய்து, தொற்று இல்லை என்ற முடிவைக் காட்ட வேண்டும். வாசலில் வெப்பமானி இருக்கும். ஓர் அணியில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றாலும் அந்தக் கல்லூரி அணி முழுவதும் வெளியே.

அரசு மருத்துவமனையில் மூக்குக்குள் குச்சியை விட்டு எடுத்தார்கள். எல்லோருக்கும் தொற்று இல்லை என்று வந்தது. தொடர் ஓட்டத்துக்கான நான்கு பேரில் முதலில் ஓடுபவள் இரண்டாமாண்டு மாணவி, அடுத்து சூர்யகலா, அதற்கடுத்து இஃப்பத், கடைசியில் முத்துப்பேச்சி. இஃப்பத்தின் தந்தை கிதர் முகம்மது பேகம்பூரில் பிரியாணிக் கடை வைத்திருந்தார். மகள் அரைக்கால் சட்டை போட்டு ஓடுவதைச் சொந்தக்காரர்கள் பேசியபோது, "கால் இருக்குற புள்ள ஓடுது, ஒனக்கு என்னய்யா?" என்று கேட்டவர் அவர்.

போட்டி நாள் காலையில் வேன் வெளியூர் மைதானத்தின் வாசலுக்குச் சற்று முன்பே நின்றுவிட்டது. அணிகள் வரிசையில் நின்றன. இஃப்பத் வேனைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். முத்துப்பேச்சி அவளை எழுப்பக் கையைப் பிடித்தாள். கை கொதித்தது.

"நேத்தே ஆரம்பிச்சிருச்சு. மாத்திரை போட்டேன், கேக்கல" என்றாள் இஃப்பத். "மேடத்துகிட்ட சொல்லிரவா?"

முத்துப்பேச்சி திரும்பிப் பார்த்தாள். மாலதி வரிசைக்கு முன்னால் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"டெஸ்ட்டுல இல்லேன்னுதான வந்துச்சு?"

"வந்துச்சு."

"அப்ப இது வேற காய்ச்ச. வெயில்ல ஓடுனா வாரதுதான்."

"வெயில் காய்ச்சல் மாதிரி இல்ல பேச்சி. ஒடம்பெல்லாம் வலிக்குது."

"ஓடி முடி. முடிச்சிட்டுச் சொல்லு. நா ஒன்னும் சொல்லமாட்டேன்."

பையிலிருந்து துண்டை எடுத்தாள். தண்ணீர் புட்டியில் காலையில் போட்ட ஐஸ் இன்னும் முழுவதும் கரைந்திருக்கவில்லை. அப்படியே துண்டில் ஊற்றி, இஃப்பத்தின் நெற்றியிலும் கழுத்திலும் அழுத்திப் பிடித்தாள். பக்கத்தில் சூர்யகலாவும் தன் துண்டை நனைத்துக்கொண்டிருந்தாள். அணியில் எல்லோருமே அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். யார் கண்ணுக்கும் இது புதிதாகப் படவில்லை. வரிசை நகர்ந்தது. வெப்பமானி இஃப்பத்தின் நெற்றிக்கு நேராக வந்தது.

பச்சை.

மைதானம் வெறிச்சோடிக் கிடந்தது. ஆம்புலன்ஸ் ஒன்று நின்றது. படிக்கட்டுகளில் ஒரு மீட்டருக்கு ஒரு வட்டம் சுண்ணாம்பில் போட்டிருந்தார்கள். அவற்றில் உட்கார ஆள் இல்லை. தனியாக ஓடிய நானூறு மீட்டரில் முத்துப்பேச்சிக்கு மறுபடியும் நான்காவது இடம். ஓட்டம் முடிந்தபோது ஒரே ஒருவர் கைதட்டும் சத்தம் கேட்டது. அது மாலதி.

மிச்சம் இருந்தது தொடர் ஓட்டம் ஒன்றுதான். சூர்யகலா இரண்டாவது இடத்தில் வந்து கட்டையை இஃப்பத்திடம் கொடுத்தாள். முதல் வளைவில் இஃப்பத் நன்றாகத்தான் ஓடினாள். எதிர்ப்பக்கத்து நேர்பாதையில் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒருத்தி முந்தினாள். இன்னொருத்தி நெருங்கினாள். கடைசி வளைவில் இஃப்பத் வாயைத் திறந்தபடி, எதையும் பார்க்காத கண்களோடு வந்தாள். கட்டை கைக்கு வந்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. முத்துப்பேச்சி ஓடினாள். கண்மாய்க்குள் ஓடியது போலவே, யாரும் பார்க்காத ஓட்டம். முன்னால் போன இருவரில் ஒருத்தியைக் கடைசி நேர்பாதையில் தாண்டினாள். இரண்டாவது இடம். வெள்ளி.

மாலதியின் அணியில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்தாலும் தோற்றாலும் தொடர் ஓட்டம் முடிந்ததும் ஒரே எவர்சில்வர் சொம்பில் நன்னாரி சர்பத். ஓடிய வரிசையிலேயே சொம்பு கைமாறும், கடைசியில் அவர் குடிப்பார். "நாலு பேரும் ஒரே கட்டையப் பிடிச்சு ஓடுறீங்க. தனித்தனி டம்ளர் எதுக்கு?" என்பார். அந்த வருடம் அவரே காகிதக் குவளைகள் வாங்கி வந்திருந்தார்.

"மேடம், சொம்பு எங்க?" என்றாள் சூர்யகலா. "பதக்கம் வாங்கி பேப்பர் கப்புலயா குடிக்கிறது?"

மாலதி யோசித்தார். "சரி. எல்லாருக்கும் டெஸ்ட்டும் எடுத்தாச்சு. வாசல்லயும் பாத்தாச்சு" என்று பையிலிருந்து சொம்பை எடுத்தார். பழக்கதோஷத்தில் அதையும் கொண்டுவந்திருந்தார்.

இரண்டாமாண்டுப் பெண் குடித்தாள். சூர்யகலா குடித்தாள். இஃப்பத் சொம்பை உயரத் தூக்கி அண்ணாந்து ஊற்றப் பார்த்தாள். பாதி சட்டையில் கொட்டியது.

"என்னடி, புதுசா எங்க எச்சி ஆகலையா?" என்றாள் சூர்யகலா. எல்லோரும் சிரித்தார்கள். இஃப்பத் முத்துப்பேச்சியைப் பார்த்தாள். முத்துப்பேச்சி குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்தாள். இஃப்பத் சொம்பில் வாய் வைத்துக் குடித்தாள்.

பிறகு முத்துப்பேச்சி குடித்தாள். மாலதி முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு அவளுக்கு எதிரே நின்றார். இப்போது சொன்னாலும் போதும். சொன்னால் பதக்கம் போகும், அணியின் பெயர் போகும், மற்ற மூவரும் அவளைத் திட்டுவார்கள். முத்துப்பேச்சி சொம்பை நீட்டினாள். மாலதி மிச்சத்தைக் குடித்து முடித்தார்.

அந்த வாரமே இஃப்பத்துக்குத் தொற்று உறுதியானது. முத்துப்பேச்சிக்குச் சில நாள் வாசனை தெரியவில்லை, அத்தோடு விட்டது. மாலதிக்கு இருமல் தொடங்கியபோது தேர்தல் வேலைப் பயிற்சி வகுப்பில்தான் பிடித்திருக்கும் என்றார்கள். அவர் ஒரு கல்யாணத்துக்கும் போயிருந்தார். ஏப்ரலில் எல்லா வீட்டிலும் யாராவது இருமிக்கொண்டிருந்தார்கள். யாரிடமிருந்து யாருக்கு என்று கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. மாலதிக்கு மருத்துவமனையில் படுக்கை கிடைத்தது, ஆக்ஸிஜனும் கிடைத்தது. பத்து நாள் இருந்தார். பிறகு இல்லை.

தகவல் அணியின் வாட்ஸப் குழுவில் வந்தது, விசில் ஊதும் மாலதியின் படத்தோடு. ஒவ்வொருத்தியாகக் கைகூப்பும் படம் போட்டார்கள். முத்துப்பேச்சி ஆட்டுக்கொட்டகையில் நின்று அதைப் பார்த்தாள். உடலைப் பையில் கட்டி நேரே தகனத்துக்குக் கொண்டுபோய்விட்டதாகச் சூர்யகலா எழுதியிருந்தாள். மாலதிக்குப் பள்ளி செல்லும் மகள் ஒருத்தி உண்டு. மயான வாசலில் நின்றே அவள் பார்த்தாளாம்.

"தேர்தல் கிளாசு வச்சே கொன்னுட்டாங்க" என்று யாரோ எழுதினார்கள். முத்துப்பேச்சி அதற்கும் ஒரு கைகூப்பும் படத்தைப் போட்டாள்.

வெள்ளிச் சான்றிதழை வைத்துக் காவலர் வேலை கிடைத்தது. கல்யாணப் பேச்சு நின்றது. மதன்குமார் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். ராக்கம்மாள் சீருடைப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினாள். ஆயுதப்படையில் மற்றவர்கள் விளையாட்டு அணியில் சேரச் சொல்லி அழைத்தார்கள். முத்துப்பேச்சி கால் வலி என்று சொல்லிவிட்டாள். காலில் ஒன்றுமில்லை.

போன வருடம் திண்டுக்கல்லில் ஓர் ஊர்வலத்துக்குப் பந்தோபஸ்து. மதியம் பேகம்பூர் பிரியாணிக் கடைக்குள் நுழைந்தாள். கல்லாவில் இஃப்பத் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கிதர் முகம்மது.

"வாம்மா, போலீசம்மா" என்றார் அவர். "ஒன் கூட்டாளிய மாடிக்கு ஏறச் சொல்லிப் பாரு. பாதிப் படியிலயே நின்னுருவா. நா மேல போய்த் திரும்பி வந்துருவேன்."

"அத்தா, சும்மா இருங்க" என்றாள் இஃப்பத். சிரித்தாள். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

அவர் அடுக்களைப் பக்கம் போனதும் இஃப்பத் எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தாள். தட்டு வந்தது. இருவரும் மாலதியைப் பற்றிப் பேசவில்லை. கொஞ்ச நேரம் சூர்யகலாவின் குழந்தையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அதுவும் தீர்ந்தது.

"அன்னைக்கு நா சொல்லியிருக்கணும் பேச்சி."

முத்துப்பேச்சி சோற்றைப் பிசைந்தாள். வாயில் வைக்கவில்லை.

"நீ சொன்ன."

"யார்கிட்ட சொன்னேன்?"

"எங்கிட்ட."

இஃப்பத் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் தள்ளி வைத்தாள். முத்துப்பேச்சி அதைக் கையில் எடுத்தாள். பிறகு கீழே வைத்துவிட்டு, ஒரு டம்ளர் கேட்டாள்.